வலிப்பு உள்ளவருக்கு உதவி நாய்: கும்பகோணத்தில் அலுவலகம் வரை கூட்டிப்போக முடியுமா?

அரசலாறு_கணக்கு கேட்டது:

வணக்கம். கும்பகோணத்தில் ஒரு தனியார் நிறுவனம், கணக்குப் பிரிவு, மொத்தம் 34 பேர். வலிப்புக்கு மாத்திரை எடுத்தும் மாதம் ஒன்றிரண்டு முறை வருகிறது. பெரும்பாலும் கீழே விழும் வகை இல்லை. இரண்டு நிமிடம் பேச்சு நின்றுவிடும், கண் ஒரே இடத்தில் நிற்கும், விரல்கள் சட்டைப் பொத்தானைப் பிசைந்துகொண்டே இருக்கும். பிறகு பத்து இருபது நிமிடம் குழப்பம். அந்த நேரத்தில் எழுந்து நடந்துவிடும் பழக்கம் உண்டு. விழுகிற வலிப்பு வருடத்தில் இரண்டு மூன்று. மற்ற நேரத்தில் பார்ப்பவர் யாருக்கும் எதுவும் தெரியாது.

வீட்டில் 16 மாதப் பெண் லேப்ரடார், 27 கிலோ. சொன்னதைக் கேட்கும். இவளை உதவி நாயாகப் பழக்க முடியுமா, என்னென்ன பழக்க வேண்டும், அலுவலகத்தில் எப்படிக் கேட்பது, நம் ஊர் வெயிலிலும் மழையிலும் எப்படி வைத்துக்கொள்வது? டாக்டருக்கு ஆட்சேபம் இல்லை. அனுபவக் கதைகளை விட, செய்முறை தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

வடவாறு (நாய்ப் பயிற்சி):

முதலில் இரண்டைப் பிரித்துக்கொள்ளுங்கள். வலிப்பு வரப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லும் நாய் வேறு, வந்தபிறகு உதவும் நாய் வேறு. முதலாவதைப் பழக்கித் தருகிறேன் என்று யாராவது முன்பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். சில நாய்கள் வீட்டு ஆளோடு நெடுநாள் இருந்து, தானாகவே ஏதோ ஒரு அறிகுறியைப் பிடித்துக்கொள்வது உண்டு. 2019-ல் வந்த ஓர் ஆய்வில், வலிப்பின்போது எடுத்த மூச்சு, வியர்வை மாதிரிகளை 5 நாய்கள் மற்ற மாதிரிகளிலிருந்து பிரித்துக் காட்டின. ஆனால் வலிப்புக்கு ஒரு வாடை உண்டு என்பதும், வருவதற்கு முன்பே நாய் சொல்லிவிடும் என்பதும் ஒன்றல்ல; நடுவில் கொள்ளிடம் அகலத்துக்கு இடைவெளி இருக்கிறது. நீங்கள் பழக்க வேண்டியது இரண்டாவது வகை.

நாய் தேறுமா என்று பார்க்க நான்கு சோதனை போதும். அது பார்க்காதபோது, பின்னால் இரண்டு மீட்டரில் எவர்சில்வர் தட்டைக் கீழே போடுங்கள். திடுக்கிடலாம், சில நொடியில் தேறி, தட்டை மோந்து பார்க்க வர வேண்டும். கட்டிலுக்கடியில் போய் அரை மணி நேரம் வராவிட்டால் அலுவலகம் அதற்கு வேண்டாம். தெருவில் கோழியும் ஆடும் போகும்போது கூப்பிட்டால் திரும்புகிறதா? சோற்றுத் தட்டருகே கை போனால் உறுமுகிறதா? கடைசியாக, மிக முக்கியமானது: நீங்கள் தரையில் அசையாமல் படுத்திருக்கும்போது முன்பின் தெரியாத ஆள் கிட்ட வந்தால் என்ன செய்கிறது? வாலாட்டினால் நல்லது, ஒதுங்கி நின்றாலும் பரவாயில்லை. குறுக்கே நின்று உறுமினால் அந்த நாய் எவ்வளவு புத்திசாலியாக இருந்தாலும் இந்த வேலைக்கு ஆகாது. 108 ஆம்புலன்ஸ் ஆட்கள் வந்து கிட்டே போக முடியாமல் நிற்பதை விட நாயே இல்லாமல் இருப்பது மேல்.

24 மாதம் ஆனதும் இடுப்பு எக்ஸ்-ரே எடுங்கள். லேப்ரடாருக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு சகஜம். அதுவரை அரை நாள் வேலை மட்டும்.

இனி பழக்க வேண்டியது. உங்களுக்கு விழுகிற வலிப்பை விடப் பிசைகிற வலிப்புதான் அதிகம் என்பதால், "விழுந்தால் மணி அடி" என்ற வழக்கமான பாடம் பாதிக்குத்தான் உதவும். "கேட்டுப்பார், பதில் இல்லையென்றால் மணி அடி" என்று பழக்குங்கள்.

மணிக்குக் கம்பியில்லாத காலிங் பெல் போதும். பட்டன் தனியாக, மணி தனியாக வரும். பட்டன் மிகச் சிறியது, நாயின் மூக்குக்குச் சிக்காது. பிளாஸ்டிக் டப்பா மூடி ஒன்றை, 10 செ.மீ. அகலத்தில், ஒரு ஓரத்தில் மட்டும் டேப் ஒட்டிக் கீல் மாதிரி பட்டன் மேல் பொருத்துங்கள். மூடியில் எங்கே முட்டினாலும் பட்டன் அமுங்க வேண்டும். தரையிலிருந்து 40 முதல் 45 செ.மீ. உயரம்.

முதல் வாரம் மணியே வேண்டாம். மூடியைக் கையில் பிடித்து நாய் மூக்கால் தொட்டதும் "சபாஷ்", உடனே கடலைப் பருப்பு அளவு வேகவைத்த கோழி ஈரல். ஐந்து நிமிடம், நாளைக்கு மூன்று நான்கு முறை, அதற்கு மேல் போனால் சலிப்பு. பத்துக்கு எட்டு முறை சரியாக வந்தபிறகு மூடியைச் சுவருக்கு மாற்றுங்கள். பிறகு பட்டனோடு சேர்த்து, ஆனால் மணியைத் துணியில் சுற்றி அடுத்த அறையில் வைத்து. சத்தத்துக்குப் பழகியபின் துணியை எடுங்கள். பிறகு தூரம்: ஒரு மீட்டர், மூன்று, அடுத்த அறை. இதற்கே ஆறு வாரம் ஆகும். அவசரப்பட்டுத் தூரத்தைக் கூட்டினால் நாய் பாதி வழியில் நின்று உங்கள் முகத்தைப் பார்க்கும். அப்படி நடந்தால் ஒரு படி பின்னால் போங்கள்.

இதோடு சேராமல் தனியாக இன்னொன்று: நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை ஒரே இடத்தில் வைத்து, விரலால் சட்டைப் பொத்தானைப் பிசையுங்கள். நாய் வந்து உங்கள் கையை மூக்கால் தட்டினால் ஈரல். பிசைவதுதான் சைகை, வாயால் எதுவும் சொல்லக் கூடாது. தட்டியதும் நீங்கள் "சரி" என்று சொன்னால் பாடம் முடிந்தது, நாய் போய்ப் படுத்துக்கொள்ளலாம். இது ஊறியபிறகு சில முறை "சரி" சொல்லாமல் விடுங்கள். ஐந்து நொடி கழித்து வீட்டில் இன்னொருவர் மணிப்பட்டனைக் காட்டட்டும். நாய் தட்டும், காத்திருக்கும், பதில் வராது, மணிக்குப் போகும். இரண்டு பாடமும் சேரும் இந்த இடம்தான் கடினம்; இரண்டு மாதம் ஒதுக்குங்கள். நிஜத்தில் இன்னொரு பலனும் உண்டு. சும்மா யோசித்தபடி பொத்தானைத் தடவினாலும் நாய் வந்து தட்டும், "சரி" என்றால் போய்விடும். ஆபீஸ் முழுக்க மணி அடிக்காது.

கெட்டுப்போகும் இடங்களைச் சொல்லிவிடுகிறேன். ஒன்று, ஈரலுக்காக நாய் தானாகவே போய் மணி அடிப்பது. பயிற்சி இல்லாத நேரத்தில் மூடியைக் கழற்றி உள்ளே வையுங்கள், கேட்காமல் அடித்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கக் கூடாது. இரண்டு, ஒரே நாற்காலி, ஒரே சட்டை, ஒரே நேரம். நாய் வலிப்பைக் கற்கவில்லை, அந்த நாற்காலியைக் கற்றிருக்கிறது. இடம், உடை, வெளிச்சம் எல்லாம் மாற்றிச் செய்யுங்கள். தரையில் விழுந்தபடியும் செய்யுங்கள். மூன்று, நடிப்பதும் நிஜமும் ஒன்றல்ல. நிஜமாக வரும்போது வீட்டில் யாராவது செல்போனில் படம் எடுத்தால், நீங்கள் நடிப்பது எங்கே தப்பு என்று தெரிந்துவிடும். கை எது, தலை எந்தப் பக்கம் திரும்புகிறது, உதடு சப்புக்கொட்டுகிறதா, அதையே நடியுங்கள். டாக்டருக்கும் அந்தப் படம் உதவும்.

இத்தனைக்கும் மேலாக "விலகு" பழக்க வேண்டும். உதவிக்கு வருபவர் அந்தச் சொல்லைச் சொன்னதும் நாய் இரண்டடி தள்ளிப் படுக்க வேண்டும். நீங்கள் சொல்லிப் பழக்கினால் பயன் இல்லை. அந்த நேரத்தில் உங்களுக்குப் பேச்சு வராதே. பக்கத்து மேசைக்காரர்கள் நான்கு பேரிடம் ஆளுக்குப் பத்து முறை சொல்லவைத்து, அவர்கள் கையாலேயே ஈரல் கொடுக்க வையுங்கள்.

கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளாதீர்கள், இடுப்பிலும் கட்டாதீர்கள். 27 கிலோ நாய் மேல் ஆள் சரிந்தால் இரண்டு பேருக்கும் அடி. கையில் தளர்வாக, விழுந்தால் தானாக நழுவும்படி.

நேரக் கணக்கு: சொந்தமாகப் பழக்குபவர்களுக்கு சர்வதேச உதவி நாய்த் துணைவர்கள் சங்கம் முன்வைத்த குறைந்தபட்ச அளவு ஆறு மாதத்தில் 120 மணி நேரம், அதில் 30 மணி நேரம் வெளியிடங்களில். என் கணக்கில் உங்களுக்கு ஒரு வருடம்.

---

கோர்ட்_வாசல்:

அலுவலகப் பகுதியை நான் எடுத்துக்கொள்கிறேன்.

நம் நாட்டில் உதவி நாய்க்கென்று தனிச் சட்டம் கிடையாது, அரசு வழங்கும் சான்றிதழும் கிடையாது. ஆன்லைனில் அடையாள அட்டையோடு விற்கும், நாய்க்கு மாட்டும் மேல்கச்சை வெறும் துணி. அமெரிக்கச் சட்டத்தைப் படித்துவிட்டு இங்கே வந்து "என்னைத் தடுக்க முடியாது" என்று பேசுபவர்கள் காரியத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள். இங்கே கேட்டுப் பெற வேண்டும். கேட்பதற்கு ஆதாரம் உண்டு.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016. அதன் அட்டவணையில் 21 வகை. வலிப்பு என்று தனியாகப் பெயர் இல்லை, அதனால் அடையாள அட்டை கிடைப்பது சிரமம். பலர் இந்த இடத்திலேயே விட்டுவிடுகிறார்கள். ஆனால் பிரிவு 2(எஸ்) மாற்றுத்திறனாளி என்பதற்குக் கொடுக்கும் விளக்கம் விரிவானது: நீண்டகாலக் குறைபாடு, சூழலில் உள்ள தடைகளோடு சேர்ந்து, மற்றவர்களுக்குச் சமமாகப் பங்கேற்க விடாமல் தடுத்தால் போதும். குறைபாடு 40 சதவீதமாவது இருக்க வேண்டும் என்ற கணக்கு இடஒதுக்கீடு போன்ற குறிப்பிட்ட சலுகைகளுக்குத்தான். 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் எதிர் யூ.பி.எஸ்.சி. வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. எழுதும்போது விரல் பிடித்துக்கொள்ளும் கோளாறு உள்ளவர் அவர், 40 சதவீத வரம்புக்குள் வரவில்லை என்று, தேர்வில் அவருக்காக எழுதித்தரும் ஆளை மறுத்திருந்தார்கள். நியாயமான வசதி செய்துதர அந்த வரம்பு முன்நிபந்தனை அல்ல என்பது தீர்ப்பு. வெளியே தெரியாத குறைபாடு உள்ள எல்லோரும் இந்த ஒரு தீர்ப்பைக் கையில் வைத்திருக்கலாம்.

பலவீனத்தையும் சொல்ல வேண்டும். நியாயமான வசதி தரும் கடமையைப் பிரிவு 20 நேரடியாக அரசு நிறுவனங்கள் மீதுதான் வைக்கிறது. உங்களுடையது தனியார். உங்களுக்குப் பிடி பிரிவு 21: ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கை வெளியிட வேண்டும். 2017 மத்திய விதிகளில் விதி 8-ன்படி 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனம் அதில் வசதிகள், உதவிச் சாதனங்கள், தொடர்பு அலுவலர் எல்லாவற்றையும் எழுத வேண்டும். 34 பேர் என்றால் நீங்கள் அந்த வரம்புக்குள். பெரும்பாலான கம்பெனிகளில் அப்படியொரு தாளே இருக்காது. "நம் கம்பெனியின் சமவாய்ப்புக் கொள்கை நகல் கிடைக்குமா?" என்று பணிவாகக் கேட்பது, சட்டப் பிரிவைக் காட்டி மிரட்டுவதை விட நன்றாக வேலை செய்யும்.

கடிதம் ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். இப்படி:

"எனக்கு நரம்பியல் தொடர்பான நீண்டகால மருத்துவ நிலை உள்ளது (டாக்டர் கடிதம் இணைப்பு). திடீரென சில நிமிடம் பதில் சொல்ல இயலாமல் போகும்போது, மணி அடித்து உதவி அழைக்கப் பழக்கப்பட்ட நாயை என் மேசையருகில் வைத்திருக்க அனுமதி கோருகிறேன். முதலில் மூன்று மாதம் சோதனையாக, வாரம் இரண்டு நாள், காலை 9.30 முதல் 1.30 வரை. நாய் என் மேசைக்கடியில் கயிற்றில் இருக்கும். உணவு அறைக்கும் வாடிக்கையாளர் பகுதிக்கும் வராது. சுத்தம், தடுப்பூசி, சேதம் என் பொறுப்பு. யாருக்காவது ஒவ்வாமையோ பயமோ இருந்தால் இருக்கை மாற்றிக்கொள்ளத் தயார்."

டாக்டர் கடிதத்தில் நோயின் முழுச் சரித்திரம் வேண்டாம். என்ன நடக்கும், எவ்வளவு நேரம், நாய் என்ன உதவி செய்யும், மூன்றே வரி. வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று, மாநகராட்சி உரிமம் இருந்தால் அதன் நகல் இணையுங்கள். கடிதத்தைக் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அதற்குப் பிறகுதான் கலெக்டர் அலுவலக மாற்றுத்திறனாளிகள் நலப் பிரிவு, திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள், மாநில ஆணையர் என்று போவது. பிரிவு 92-ல் முதல் மீறலுக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. அதை முதல் கடிதத்திலேயே எழுதினால் மூன்று மாதச் சோதனைகூடக் கிடைக்காது.

ரயில் பற்றி ஒரு வரி: நாயை முதல் வகுப்பு ஏ.சி.யில் தனி அறை கிடைத்தால் கூட வைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் கார்டு பெட்டியில் உள்ள நாய்க்கூண்டு. உங்கள் காரியத்துக்குக் கூண்டு பயனில்லை. ஆள் ஒரு பெட்டி, மணி அடிப்பவள் இன்னொரு பெட்டி.

---

மாட்டாஸ்பத்திரி:

டெல்டாவில் நாய் வளர்ப்பதில் வெயிலை விடப் புழுக்கம் மோசம். நாய் இரைத்துத்தான் உடம்பைக் குளிர்விக்கிறது. காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் இரைத்தும் பயனில்லை. மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் ஓடும் ஆடி மாதத்தில்கூட 34, 35 டிகிரியில் லேப்ரடார் மயங்கும். புறங்கையைத் தார்ச்சாலையில் ஏழு நொடி வைத்துப் பாருங்கள். உங்களால் முடியாவிட்டால் அதன் பாதத்தாலும் முடியாது. மார்ச் முதல் ஜூன் வரை ஒன்பது மணிக்கு மேல் நடை வேண்டாம், ஆட்டோதான்.

நாயின் சாதாரண உடல் சூடு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். 105 தாண்டினால் ஆபத்து. நாக்கு கருஞ்சிவப்பு, கெட்டியான எச்சில், தள்ளாட்டம். உடனே நிழல், உடம்பு முழுக்கக் குழாய்த் தண்ணீர், மின்விசிறி. ஈரத்துணியைப் போர்த்தி வைக்காதீர்கள், சூடு உள்ளேயே நிற்கும். 103-க்கு இறங்கியதும் நிறுத்திவிட்டு வண்டி ஏற்றுங்கள்.

குடிதண்ணீர் கிலோவுக்கு 50 முதல் 60 மில்லி, அதாவது இவளுக்கு நாளைக்கு ஒன்றரை லிட்டர், கோடையில் இரண்டு. அலுவலகத்துக்குக் கிளம்ப இரண்டு மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடித்துவிடுங்கள். தயிர்சாதம் மட்டும் போட்டு வளர்க்கும் பழக்கம் நம் பக்கம் உண்டு. வேலை செய்கிற நாய்க்குப் புரதம் பத்தாது. முட்டை, கோழி, மீன் ஏதாவது தினமும் வேண்டும்.

உண்ணி. இதற்குத்தான் நாங்கள் அதிகம் பயப்படுவது. பழுப்பு உண்ணியால் வரும் ரத்தக் காய்ச்சல்கள் நம் ஊரில் வருடம் முழுக்க உண்டு. சாப்பாடு மறுப்பு, காய்ச்சல், ஈறு வெளுப்பு, மூக்கில் ரத்தம். இதில் எது தெரிந்தாலும் அன்றே ரத்தப் பரிசோதனை. உண்ணி மாத்திரைகளில் ஃப்ளூராலனர் 12 வாரம் தாங்கும். நாய்க்கே வலிப்பு வந்த சரித்திரம் இருந்தால் இந்த வகை வேண்டாம், டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். தினமும் சாயங்காலம் காது மடிப்பு, விரலிடுக்கு, வால் அடி மூன்றையும் தடவிப் பாருங்கள், இரண்டு நிமிட வேலை.

எலிக்காய்ச்சல் தடுப்பூசியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வயலும் எலியும் தேங்கிய தண்ணீரும் உள்ள ஊரில் அது கட்டாயம். முதல் முறை 3, 4 வார இடைவெளியில் இரண்டு, பிறகு வருடா வருடம். நாயிடமிருந்து மனிதனுக்கும் வரும் நோய், நீங்களோ ஆபீசுக்குக் கூட்டிப்போகிறீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் விரலிடுக்கை உலர்த்தாமல் விட்டால் பூஞ்சை வந்து நாற்றம் அடிக்கும். அலுவலகத்தில் முதல் புகார் அதுவாகத்தான் இருக்கும்.

காலை நடைக்கு வரப்பு வேண்டாம். சம்பா, தாளடி சமயத்தில் எலிக்கு வைக்கும் மூங்கில் கிட்டி நாயின் மூக்கையும் காலையும் பதம் பார்க்கும். ஜிங்க் பாஸ்பைடு கலந்த பொரியோ கருவாடோ கிடந்தால் லேப்ரடார் விடாது. தின்றுவிட்டது தெரிந்தால் பால், சோறு எதுவும் கொடுக்காதீர்கள். வயிற்று அமிலம் கூடி விஷவாயு அதிகமாகும். வாந்தி எடுத்தால் அந்தக் காற்றை நீங்களும் சுவாசிக்கக் கூடாது, வண்டிக் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டுங்கள். கேக் மாதிரிக் கட்டியாக வரும் எலி மருந்து வேறு வகை. தின்று மூன்று நாளைக்கு நாய் நன்றாகத்தான் இருக்கும், பிறகு ரத்தம் உறையாமல் போகும். அதற்கு முறிவு வைட்டமின் கே1, தின்ற அன்றே வந்துவிடுங்கள்.

கோயில் பிரசாதம்: சர்க்கரைப் பொங்கலிலும் கேசரியிலும் இருக்கும் உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும், எத்தனை தின்றால் ஆபத்து என்று அளவே கிடையாது. வெங்காய வடையும் ஆகாது. பைரவர் வாகனம் என்று அன்போடு ஊட்ட வருபவர்களைத் தடுக்கக் கூச்சப்படாதீர்கள்.

உங்கள் வலிப்பு மாத்திரையை நாய் சுமக்கும் பையில் வைப்பதானால், திருகு மூடி உள்ள கெட்டி டப்பாவுக்குள். லேப்ரடார் பல்லுக்கு அட்டைப் பட்டை ஒரு கடி.

---

வார்டு_அக்கா:

எல்லாரும் நாயப் பத்தியே பேசுறீங்க. தம்பி, நாய் கூப்பிடும். கூப்பிட்டதும் ஓடி வர்றவங்களுக்கு என்ன செய்யணும்னு தெரியுமா?

நம்ம ஊர்ல மணி அடிச்சதும் நாலு பேர் வருவாங்க, ஒருத்தர் சாவிக்கொத்தைக் கையில திணிப்பார், ஒருத்தர் தண்ணி தெளிப்பார், ஒருத்தர் வாயில ஸ்பூன் வைப்பார். சாவியால வலிப்பு நிக்காது. அது தானா நிக்கிற நேரமும் சாவி குடுக்கிற நேரமும் ஒண்ணா வருது, அவ்வளவுதான். ஸ்பூன் பல்லை உடைக்கும். அரை மயக்கத்துல தண்ணி ஊத்தினா நுரையீரலுக்குப் போகும்.

ஒரு ஏ4 தாள், பெரிய எழுத்து, மேசைக்கு மேல ஒட்டுங்க. முதல் வரி "கடிகாரம் பார்". விழுந்திருந்தா கூரான சாமானை நகர்த்தி, தலைக்கு அடியில மடிச்ச துணி, கை கால் வெட்டி இழுக்கிறது நின்னதும் ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும். அஞ்சு நிமிஷம் தாண்டினாலோ, நினைவு திரும்பாம அடுத்தது வந்தாலோ 108. டாக்டர் மூக்குல அடிக்கிற மிடசோலம் ஸ்பிரே எழுதிக் குடுத்திருந்தா எப்போ, எத்தனை அடிங்கிறத அவர் எழுதினபடியே தாள்ல போடுங்க. கடைசி வரி "நாயைப் பார்த்து 'விலகு' என்று சொல்".

பிசைகிற வகைக்குத் தனித் தாள். அதுல புடிச்சு உட்கார வைக்கக் கூடாது, இழுத்தா குழப்பத்துல கை ஓங்குவாங்க, வேணும்னு செய்றது இல்லை. கூடவே நடக்கணும், மெதுவா பேசணும், வாசப்படிக்கும் மாடிப்படிக்கும் குறுக்கே நிக்கணும். ஆபீஸ்ல உங்களுக்கு உண்மையான ஆபத்து விழறது இல்லை, அந்த இருபது நிமிஷம் எழுந்து நடக்கிறது. வெளிய ரோடு, கொஞ்சம் தள்ளி ஆத்துப் படித்துறை. நாய் மணி அடிச்சு ஒருத்தர் கூட வந்து நின்னாலே பாதி வேலை முடிஞ்சது.

நாய் இருக்கேன்னு குளத்துல, ஆத்துல தனியா இறங்காதீங்க. டூவீலரும் வேண்டாம், லைசென்ஸ் படிவம் 1-லயே வலிப்பு உண்டான்னு கேள்வி இருக்கு. நாய்க்கு உடம்பு சரியில்லாத நாளும் வரும். அன்னைக்கு யாரு பாத்துக்கிறதுன்னு ஒரு ஆளை இப்பவே பேசி வையுங்க. மாத்திரை நேரத்துக்கு செல்போன்ல அலாரம், நாய நம்ப வேண்டாம்.

---

அரசலாறு_கணக்கு:

எல்லோருக்கும் நன்றி. தட்டுச் சோதனை செய்தேன், மோந்து பார்க்க வந்தாள். தரையில் படுத்தபோது பக்கத்து வீட்டுக்காரர் வந்தார், வாலாட்டினாள். இன்னும் மூன்று சந்தேகம். வீட்டிலிருந்து அலுவலகம் 800 மீட்டர், வழியில் இரண்டு இடத்தில் தெருநாய்க் கூட்டம். "பார்த்தால் நல்லாத்தானே இருக்கீங்க, எதுக்கு நாய்?" என்று கேட்பவர்களுக்கு என்ன சொல்வது? ஊழியர்களில் இரண்டு பேருக்கு நாய் எச்சில் படக் கூடாது, மார்க்கப்படி.

---

வடவாறு:

தெருநாய்: ஒரே நேரத்தில் ஒரே பக்கமாகப் போனால் இரண்டு மூன்று வாரத்தில் கூட்டம் குரைப்பதைக் குறைக்கும். அங்கே சோறு வைப்பவர் யாரென்று விசாரித்து, சோறு வைக்கும் நேரத்தைத் தவிருங்கள். கையில் பட்டன் குடை. பாய்ந்து வந்தால் முகத்துக்கு நேரே விரியுங்கள், குடைக்குப் பின்னால் நின்றபடியே பின்வாங்குங்கள், ஓடாதீர்கள். ஒரு கைப்பிடி பிஸ்கட்டை எதிர்ப்பக்கம் வீசினால் பத்து நொடி கிடைக்கும். மார்கழி வாக்கில் சண்டை அதிகம். கருத்தடை செய்யவில்லையென்றால் உங்கள் பெண் நாய் பருவத்துக்கு வரும் மூன்று வாரமும் ஆட்டோ, இல்லையென்றால் வீடு. உங்களைக் கடித்துவிட்டால் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவி, அன்றே ஊசி. உங்கள் நாயைக் கடித்தாலும் தடுப்பூசி போட்டிருக்கிறதே என்று விடாமல் மறுபடி போட வேண்டும்.

கேள்வி கேட்பவர்களுக்கு ஒரே வாக்கியம், எப்போதும் அதே வாக்கியம்: "மருத்துவக் காரணம், வேலையில் இருக்கிறாள், தொடாதீர்கள்." இரண்டாவது வாக்கியம் ஆரம்பித்தால் உங்கள் நோய்ச் சரித்திரம் தெரு முழுக்கப் போகும். காக்காய் வலிப்பா என்று அடுத்த கேள்வி வரும். பதில் சொல்ல வேண்டிய கடன் உங்களுக்கு இல்லை.

எச்சில் விஷயத்தில் வாதம் வேண்டாம். அந்த இரண்டு பேரின் இருக்கைக்கும் உங்கள் மேசைக்கும் நடுவே பீரோவோ சுவரோ வரும்படி இடம் மாற்றிக் கேளுங்கள். "விலகு" பயிற்சிக்கு அவர்களைக் கூப்பிடாதீர்கள். சொல்லை மட்டும் சொல்லிக் கொடுத்தால் போதும், ஈரலை வேறொருவர் கொடுக்கட்டும். தண்ணீர்க் கிண்ணத்தை ஆபீஸ் குழாயடியில் கழுவாமல் வீட்டுக்கு எடுத்துப்போங்கள். ஒன்றுக்கு, இரண்டுக்குப் பின்பக்கம் ஒரு பழைய பிளாஸ்டிக் தொட்டியில் நாலு அங்குலம் மணல், காலை வந்ததும் ஒரு முறை, ஒரு மணிக்கு ஒரு முறை. மணலை வாரம் ஒரு தடவை மாற்றுங்கள், மழைக்காலத்தில் இரண்டு தடவை.

---

மாட்டாஸ்பத்திரி:

ஒன்று விட்டுப்போச்சு. தீபாவளிக்குப் பத்து நாள் முன்பிருந்தே வெடிச் சத்தம் ஆரம்பிக்கும், தேரோட்டத்துக்கு அதிர்வேட்டு வேறு. இப்போதிலிருந்தே செல்போனில் வெடிச் சத்தத்தை மிகக் குறைத்து வைத்து, சோறு தின்னும்போது ஓடவிடுங்கள், நாலு நாளைக்கு ஒரு புள்ளி கூட்டுங்கள். காதைப் பின்னால் மடக்கினால் இரண்டு புள்ளி குறையுங்கள். அந்தப் பத்து நாளும் ஆபீசுக்குக் கூட்டிப்போக வேண்டாம். வெடிக்கு மிரண்டு ஒரு முறை மணிப்பட்டன் பக்கத்தில் நடுங்கினால், பிறகு அந்தப் பட்டன் கிட்டவே போக மாட்டாள்.

---

அரசலாறு_கணக்கு:

சரி. காலிங் பெல் வாங்கிவிட்டேன், பட்டனுக்கு இட்லிமாவு டப்பா மூடி சரியாக இருக்கிறது. பேட்டரி எத்தனை நாள் வரும்?

---

வடவாறு:

நம்பாதீர்கள். திங்கட்கிழமை காலை கணினியைத் திறக்கும் முன் ஒரு முறை நீங்களே அமுக்கிப் பாருங்கள். பட்டனுக்குள் இருக்கும் சின்ன 12 வோல்ட் பேட்டரி நாலு கடை ஏறினால்தான் கிடைக்கும், மேசையில் ஒன்று உபரி வையுங்கள். மணியை உங்கள் அறையில் வைக்காதீர்கள், ஆள் எப்போதும் இருக்கும் வரவேற்பு மேசையில் செருகுங்கள். கான்கிரீட் சுவர் இரண்டு தாண்டினால் பெட்டியில் போட்டிருக்கும் தூரத்தில் கால்வாசிகூட எட்டாது. ஒட்டுவதற்கு முன் கதவை எல்லாம் சாத்திவிட்டு ஒரு தடவை அடித்துப் பார்த்துவிடுங்கள்.